அந்தக் குச்சிக்காரர் என்னதான் பண்றார்? ஜூபின் மேத்தாவின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு டிவி பெட்டிக்கு முன்னாடி ஆரம்பிக்குது.

2007, ஜனவரி 1, மத்தியானம் மூணே முக்கால். புதுச்சேரியில் எங்க தெருவில் ஒரு தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்க ஊர் பேச்சில் 'சொல்தா'. வருஷப் பிறப்பு அன்னைக்கு அவர் வீட்டில் கேக் கிடைக்கும். அதனால கரெக்டா போய் உட்கார்ந்துடுவேன். எனக்கு அப்போ ஒன்பது வயசு. டிவியில் ஒரு தங்க நிற மண்டபம், எங்கே பார்த்தாலும் பூ, கோட்டு போட்ட நிறைய பேர் வயலின் வாசிச்சிட்டு இருக்காங்க. அவங்களுக்கு முன்னாடி ஒருத்தர் நின்னு கையை ஆட்டிட்டு இருக்கார்.

"யாரு தாத்தா இவரு?"

"ஷெஃப் தோர்கெஸ்த்ர்."

எனக்குத் தெரிஞ்ச ஷெஃப் சமையல்காரர். பிரெஞ்சில் ஷெஃப்னா தலைவர்னு அர்த்தம், ஆர்கெஸ்ட்ராவுக்குத் தலைவர் இவர்னு தாத்தா விளக்கினார். அப்புறம் கொஞ்சம் பெருமையா, "நம்ம நாட்டு ஆளுடா, பம்பாய்க்காரர்"னு சொன்னார்.

கடைசிப் பாட்டு வந்தது. 'ராடெட்ஸ்கி மார்ச்'. வியன்னாவில் வருஷா வருஷம் புத்தாண்டுக் கச்சேரியை அதில்தான் முடிப்பாங்க, கூட்டம் தாளத்துக்குக் கை தட்டும். அப்போ அந்த மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? ஆர்கெஸ்ட்ராவுக்கு முதுகைக் காட்டிட்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிட்டார். இங்கே மெதுவா தட்டுங்க, இங்கே பலமா தட்டுங்கன்னு ஜனங்களை நடத்த ஆரம்பிச்சிட்டார். பின்னாடி ஆர்கெஸ்ட்ரா பாட்டுக்கு வாசிச்சிட்டே இருக்கு. ஒரு பிசகும் இல்லை.

நான் கேட்டேன்: "அவர் பார்க்காமலே இவங்க வாசிக்கிறாங்களே, அப்புறம் அவர் எதுக்கு?"

தாத்தா பதில் சொல்லலை, இன்னொரு துண்டு கேக் கொடுத்தார். டிவியில் இருந்தவர் ஜூபின் மேத்தா. இந்த எபிசோடு அந்தக் கேள்விக்காகத்தான்.

முதல்ல, அந்த வேலை

நம்ம ஊர்ல கண்டக்டர்னா பஸ் கண்டக்டர், ஆர்கெஸ்ட்ரான்னா கல்யாண மண்டபத்தில் சினிமாப் பாட்டு பாடுற குழு. அதனால இந்த ஆளை எங்கே வைக்கிறதுன்னு நமக்குக் குழப்பம். 2025 மார்ச் 8 லண்டனில் இளையராஜாவோட 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறினப்போ இந்தக் குழப்பத்தை நேர்லயே பார்த்தோம். "ராஜா எழுதின சிம்பொனிதானே, நடுவில் நின்னு கையை ஆட்டுறவர் யாரு?"ன்னு என் வாட்ஸப் குரூப்பில் ரெண்டு நாள் விவாதம். அவர் மிக்கேல் டாம்ஸ், அன்னைக்குக் கண்டக்டர். எழுதுறவர் ஒருத்தர், நடத்துறவர் இன்னொருத்தர். மேற்கத்திய இசையில் இது சாதாரணம். எழுதினவர் செத்து 200 வருஷம் ஆகியிருந்தாலும் நடத்த ஒரு ஆள் வேணும் இல்லையா?

பலரும் நினைக்கிற மாதிரி இது தாளம் போடுற வேலைன்னா, கர்நாடகக் கச்சேரியில் முதல் வரிசை மாமா தொடையில் தட்டுறாரே, அவரும் கண்டக்டர்தான். ஆனா அவர் நடக்கிற தாளத்தைத் தட்டுறார். கண்டக்டரோட கை அடுத்து நடக்கப் போறதைச் சொல்லுது. ஒரு பாட்டு ஆரம்பிக்கும் முன்னாடி அவர் கை மேலே எழும்புது பாருங்க, அந்த ஒரு அசைவில் எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம், அழுத்தமா மெல்லிசா எல்லாமே இருக்கணும். அதைப் பார்த்து 80, 90 பேர் ஒரே சமயத்தில் மூச்சை இழுப்பாங்க. எல்லாம் முதல் சுரம் கேட்கிறதுக்கு முன்னாடி.

இதில் ஒரு பௌதிகமும் இருக்கு. சத்தம் ஒரு வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். மேடையில் முன்வரிசை வயலினுக்கும் பின்வரிசை டிம்பனிக்கும் நடுவில் 15 மீட்டர்னு வெச்சுக்கோங்க. முன்னாடி வாசிச்சது பின்னாடி போய்ச் சேர 0.04 வினாடிக்கு மேல ஆகும். டிம்பனிக்காரர் காதில் விழுறதை நம்பி அடிச்சா, அது திரும்பி முன்னாடி வந்து சேரும்போது தாமதம் ரெண்டு மடங்கு. எவ்வளவு திறமைசாலிகளா இருந்தாலும் காதை மட்டும் நம்ப முடியாது, எல்லாருக்கும் பொதுவா கண்ணுக்குத் தெரியுற ஒண்ணு வேணும். அதுதான் அந்தக் குச்சி.

அது வேலையில் பத்தில் ஒரு பங்குன்னு சொல்லலாம். மிச்சமெல்லாம் ஒத்திகையில் முடிஞ்சிடும். செல்லோ இந்த இடத்தில் ட்ரம்பெட்டை மறைக்குது, குறை. இந்த வரியை அழற மாதிரி வாசிக்காதே, கோபமா வாசி. மேஜையில் இருக்கிற நோட்டுப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் இருபது முப்பது வரிகள் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ஓடும், அத்தனையும் அவர் மண்டைக்குள்ளே சேர்ந்து ஒலிக்கணும். ராடெட்ஸ்கி மார்ச்சில் ஆர்கெஸ்ட்ரா அவர் இல்லாம வாசிக்கிறது, வேலை ஏற்கனவே முடிஞ்சதாலதான். அதோட அது அவங்க ஆயிரம் தடவை வாசிச்ச பாட்டு.

இன்னொரு விஷயமும் இருக்கு. அந்த மேடையில் சத்தமே எழுப்பாத ஒரே ஆள் அவர்தான். அவர் கையில் வாத்தியம் கிடையாது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வருவேன்.

பம்பாய் வீடு

ஜூபின் மேத்தா பிறந்தது 1936 ஏப்ரல் 29, பம்பாயில், ஒரு பார்சி குடும்பத்தில். அப்பா மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர். 1935ல் பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினவர். பையன் பிறந்தது அதுக்கு அடுத்த வருஷம். ஆர்கெஸ்ட்ராதான் அவனுக்கு அண்ணன்னு சொல்லலாம்.

யாரெல்லாம் வாசிச்சாங்க அதில்? பார்சிகள், ஐரோப்பியர்கள், முக்கியமா கோவாக்காரர்கள். போர்ச்சுகீசியர் காலத்துத் தேவாலயப் பள்ளிகளில் நோட்டு வாசிக்கக் கத்துக்கிட்ட கோவா கலைஞர்கள்தான் பம்பாய் ஹோட்டல் பேண்டிலும் இந்தி சினிமா ரெக்கார்டிங்கிலும் வாசிச்சாங்க, சிம்பொனியிலும் வாசிச்சாங்க. புதுச்சேரிக்காரனா எனக்கு இது பிடிச்ச விஷயம். ஐரோப்பியர் ஒரு ஊரை விட்டுப் போன பிறகும் என்னவெல்லாம் தங்கிடுது பாருங்க. கோவாவில் நோட்டு தங்கிச்சு. எங்க ஊர்ல போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி தங்கிச்சு.

அப்பா மேல படிக்க நியூயார்க் போயிட்டார், சில வருஷம் கழிச்சுத் திரும்பினார். பையன் வீட்டில் கிராமபோன் தட்டுகளைக் கேட்டே வளர்ந்தான். ஆர்கெஸ்ட்ராவோட ஒத்திகைகளைப் பையனே நடத்த அப்பா விட்டார். பதினாறு வயசில் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கும் ஒத்திகை பார்க்கிற அளவுக்கு வந்தாச்சு.

அப்புறம்? அப்புறம் என்ன, டாக்டர் படிப்புதான். (சிரிப்பு) இந்த இடத்தில் நம்ம நேயர்களில் பாதிப் பேர் தலையாட்டுவீங்கன்னு தெரியும். வீட்டில் எல்லாரும் இசைன்னு இருந்தாலும், பையனுக்கு மரியாதையான ஒரு தொழில் வேணும்னு அம்மாவுக்கு ஆசை. செயின்ட் சேவியர்ஸ் காலேஜில் மருத்துவத்துக்கான முன்படிப்பில் சேர்ந்தார், ரெண்டு வருஷத்தில் விட்டார். 1954ல் பதினெட்டு வயசில் வியன்னாவுக்குப் போயிட்டார்.

அங்கே அவர் கேட்ட முதல் கச்சேரியில் கார்ல் போம் நடத்த, வியன்னா ஃபில்ஹார்மோனிக் பிராம்ஸோட முதல் சிம்பொனியை வாசிச்சது. அதுவரைக்கும் தேய்ஞ்ச தட்டுல கேட்டது, இல்லைன்னா அப்பாவோட சின்னக் குழுவில் கேட்டது. அன்னைக்குத்தான் அந்தச் சத்தம் நிஜத்தில் எப்படி இருக்கும்னு தெரிஞ்சது. வாழ்நாள் முழுக்க எந்த ஆர்கெஸ்ட்ராவில் நின்னாலும் காதில் அந்தச் சத்தம்தான் அளவுகோலா இருந்ததுன்னு அவரே பல தடவை சொல்லியிருக்கார். யூடியூபில் எல்லாம் கேட்டுட்டு முதல் தடவை ஒரு நல்ல கச்சேரிக்குள்ளே நேர்ல நுழைஞ்சவங்களுக்கு இது புரியும்.

வியன்னாவில் ஹான்ஸ் ஸ்வாரோவ்ஸ்கிகிட்ட நடத்துறது படிச்சார், டபுள் பாஸ் வாசிக்கவும் கத்துக்கிட்டார். கூடப் படிச்சவர் கிளாடியோ அப்பாடோ, பின்னாளில் அவரும் உலகப் பெரிய கண்டக்டர். ரெண்டு பேருக்கும் பெரிய கண்டக்டர்களோட ஒத்திகையைப் பார்க்கணும், ஆனா வெளியாளை உள்ளே விட மாட்டாங்க. அதனால ரெண்டு பேரும் அங்கே பாடுற கோரஸ் குழுவில் பேஸ் குரல்ல சேர்ந்துட்டாங்க! பாடறவனை வெளியே போன்னு சொல்ல முடியாதே. கரயான் மாதிரி ஆட்கள் எப்படி ஒத்திகை பண்றாங்கன்னு கோரஸ் வரிசையில் நின்னே பார்த்துட்டாங்க. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

இன்னொரு சம்பவம். 1956ல் ஹங்கேரியில் புரட்சி வெடிச்சு சோவியத் டாங்கிகள் உள்ளே வந்தப்போ, ஆயிரக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்கு வந்தாங்க. இருபது வயசு மேத்தா ஒரே வாரத்தில் மாணவர்களைச் சேர்த்து ஒரு ஆர்கெஸ்ட்ரா உண்டாக்கி, வியன்னாவுக்கு வெளியே ஒரு அகதி முகாமில் கச்சேரி நடத்தினார். யாரும் கூப்பிடலை, சம்பளம் இல்லை. இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஒருத்தருக்குக் காய்ச்சல், இன்னொருத்தருக்கு வாய்ப்பு

நிறைய பேர் எங்களுக்கு எழுதுற கேள்வி, "இந்தத் துறையில் எப்படி மேல வர்றது?" கண்டக்டர் தொழிலுக்குப் பதில் கொஞ்சம் விசித்திரம். வயலின்காரர் தனியா அறையில் உட்கார்ந்து பயிற்சி பண்ணலாம். கண்டக்டர் பயிற்சி பண்ணணும்னா எதிரே 80 பேர் வேணும். யார் கொடுப்பாங்க? அதனால பரிசுப் போட்டி, உதவியாளர் வேலை, கடைசி நிமிஷத்தில் இன்னொருத்தருக்குப் பதிலா ஏறுறதுன்னு இந்த மூணு வழியாத்தான் பெரும்பாலும் உள்ளே வர்றாங்க.

மேத்தா 1958ல் லிவர்பூலில் நடந்த சர்வதேச நடத்துனர் போட்டியில் ஜெயிச்சார். பரிசா அங்கே ஒரு வருஷம் உதவி நடத்துனர் பதவி. அந்த வருஷம் பெருசா ஒண்ணும் எடுபடலை, வேலை தொடரவும் இல்லை. முதல் பரிசு வாங்கினவர் அடுத்த வருஷம் வேலை தேடிட்டு இருந்தார்!

அப்புறம் வந்தது மாற்று ஆள் வேலை. கனடாவில் மான்ட்ரியலில் இகோர் மார்க்கெவிச்சுக்கு உடம்பு சரியில்லை, இவர் போனார். லாஸ் ஏஞ்சலஸில் ஃப்ரிட்ஸ் ரெய்னரால் வர முடியலை, இவர் போனார். இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கில் யூஜின் ஆர்மண்டிக்குப் பதிலாவும் இவர்தான் ஏறினார். 1961ல், 25 வயசுக்குள்ளே வியன்னா, பெர்லின், இஸ்ரேல் மூணு ஃபில்ஹார்மோனிக்கையும் நடத்தியாச்சு. இதை அதிர்ஷ்டம்னு சொல்லலாம். ஆனா பாருங்க, மாற்று ஆளுக்குப் புதுப் பாட்டைத் தேர்ந்தெடுக்க நேரம் இருக்காது. ஏற்கனவே அறிவிச்ச நிகழ்ச்சியை ரெண்டு மூணு நாளில் நடத்தணும். அந்தப் பக்கங்கள் முன்கூட்டியே மண்டையில் இருந்தா மட்டும்தான் அந்த அதிர்ஷ்டம் வேலை செய்யும். மேத்தா நோட்டு பார்க்காம நினைவிலிருந்தே நடத்துறதுக்குப் பேர் போனவர்.

1961ல் மான்ட்ரியலுக்கு இசை இயக்குநர் ஆனார், 1962ல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்குக்கும். லாஸ் ஏஞ்சலஸ் கதையில் ஒரு அரசியலும் உண்டு. அந்தப் பதவிக்கு முதலில் தேர்வானவர் ஜார்ஜ் சோல்ட்டி. அவரைக் கேட்காமலே நிர்வாகம் மேத்தாவை உதவி நடத்துனரா எடுத்துச்சு. சோல்ட்டி கோபத்தில் பதவியே வேண்டாம்னு போயிட்டார். 26 வயசுப் பையன் கையில் ஆர்கெஸ்ட்ரா வந்துச்சு. அங்கே 1978 வரை இருந்தார்.

நடுவில் ஒரு வாய்க்கொழுப்பு. அறுபதுகளின் கடைசியில் ஒரு பத்திரிகைப் பேட்டியில், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கைப் பத்தி ரொம்ப மட்டமா பேசி வெச்சார். அந்தக் கலைஞர்கள் கொதிச்சுப் போய், இவர் மன்னிப்புக் கேட்கும்படி ஆச்சு. இணையம் இல்லாத காலத்து வைரல். பத்து வருஷம் கழிச்சு, 1978ல், அதே ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை இயக்குநரா போனார்! 1991 வரை 13 வருஷம் அங்கேதான். நியூயார்க் விமர்சகர்கள் அவரை விட்டுவைக்கலை. பகட்டு அதிகம், ஆழம் கம்மின்னு எழுதினாங்க. எனக்கும் அவரோட சில பதிவுகளைக் கேட்கும்போது அப்படித் தோணியிருக்கு, சொல்லிடறேன். ஆனா அதே நியூயார்க் வருஷங்களில்தான் 1981ல் ரவிசங்கரோட ரெண்டாவது சித்தார் கான்செர்ட்டோவையும், 1985ல் நம்ம எல். சுப்பிரமணியத்தோட வயலின் படைப்பையும் அந்த மேடையில் ஏத்தினார்.

மிச்சத்தை வேகமா சொல்லிடறேன். ஃபுளோரன்ஸ் மாஜியோ மியூசிகாலே 1985 முதல், மியூனிக் பவேரிய அரசு ஓப்பரா 1998 முதல் 2006 வரை. 1990ல் ரோமில் பவரோட்டி, டோமிங்கோ, கரேராஸ் மூணு பேரும் சேர்ந்து பாடின அந்தப் பிரபலக் கச்சேரியில் நடுவில் நின்னவரும் இவர்தான். இந்தியக் கடவுச்சீட்டை மட்டும் விடவே இல்லை. பத்ம விபூஷண் 2001ல் வந்தது.

எங்கே போய் நிற்கிறது

இதுவரை சொன்னது விக்கிப்பீடியாவில் இருக்கும். நான் இந்த எபிசோடை எடுக்கணும்னு நினைச்சதுக்குக் காரணம் வேற.

இந்த மனுஷனோட வாழ்க்கையில் ஒரு பட்டியல் ஓடுது. 1967ல் இஸ்ரேல் போர் மூண்டப்போ மத்த நிகழ்ச்சிகளை ரத்து பண்ணிட்டு அங்கே போனார். 1991 வளைகுடாப் போரில், ஜெருசலேமில் கச்சேரி நடுவில் சைரன் அலறுது. ஜனங்க வாயு முகமூடி மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்க, ஐசக் ஸ்டெர்ன் தனியா வயலின் வாசிக்கிறார். அந்தக் கச்சேரிக்கு நடத்துனர் மேத்தா. 1994 ஜூன் 19, முற்றுகையில் இருந்த சரயேவோ. ரெண்டு வருஷம் முன்னாடி குண்டு போட்டு எரிச்ச தேசிய நூலகத்தோட இடிபாட்டுக்குள்ளே, அந்த ஊர் ஆர்கெஸ்ட்ராவையும் தேவாலயக் கோரஸையும் வெச்சு மொஸார்ட்டோட 'ரெக்வியம்', அதாவது இறந்தவங்களுக்கான வழிபாட்டு இசை. 1999 ஆகஸ்டில், ஜெர்மனியில் நாஜிகளோட புக்கன்வால்ட் முகாம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கையும் மியூனிக்கோட பவேரிய அரசு ஆர்கெஸ்ட்ராவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வெச்சு மாலரோட ரெண்டாவது சிம்பொனி. 2011ல் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து, அணுஉலைப் பயத்தில் வெளிநாட்டுக் கலைஞர்கள் வரவே தயங்கின ஏப்ரல் மாசம், டோக்கியோவில் பீத்தோவனோட ஒன்பதாவது சிம்பொனி.

ஹங்கேரி அகதி முகாம் ஞாபகம் இருக்கா? இருபது வயசில் பண்ணினதைத்தான் கடைசி வரை பண்ணிட்டு இருந்தார்.

இந்தப் பட்டியலில் நம்ம கரையும் இருக்கு. 2005 டிசம்பர் 26, சென்னை மியூசிக் அகாடமி. சுனாமியோட முதல் நினைவு நாள். பவேரிய அரசு ஆர்கெஸ்ட்ராவோட மேத்தா வந்தார். சென்னையில் அவங்க முதல் கச்சேரி, ஜெர்மன் துணைத் தூதரகமும் மாக்ஸ் முல்லர் பவனும் ஏற்பாடு.

இதைப் படிச்சப்போ எனக்கு முதல்ல வந்தது கோபம்னு சொல்லணும்.

சுனாமி வந்தப்போ எனக்கு ஏழு வயசு. புதுச்சேரி நகரத்துக்குள்ளே தண்ணி பெருசா வரலை. கடற்கரைச் சாலையோட அந்தக் கடல் சுவரும் கருங்கல் அடுக்கும் தாங்கிடுச்சு. நகரத்துக்கு வடக்கேயும் தெற்கேயும் மீனவக் கிராமங்களுக்கு அந்தச் சுவர் கிடையாது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இறந்தவங்களில் பெரும்பாலானவங்க காரைக்கால்காரங்க. அதையொட்டின நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல. எங்க அம்மாவோட சித்தி குடும்பம் காரைக்கால் பக்கம்தான். சித்தி இருக்காங்க. அந்த வீட்டில் இருந்த மத்த ரெண்டு பேர் இல்லை.

ஒரு வருஷம் கழிச்சு, மார்கழி சீசன் நடுவில், சென்னையில் ஒரு நல்ல ஹாலில், ஜெர்மன்காரங்க கோட்டு போட்டுக்கிட்டு வாசிக்கிறாங்க. அதில் எங்க சித்திக்கு என்ன இருக்கு? அவங்களுக்கு அப்படி ஒண்ணு நடந்ததே இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நான் போன வருஷம்தான் சொன்னேன். "அப்படியா, பாட்டுக் கச்சேரியா?"ன்னு கேட்டுட்டு மீனைக் கழுவப் போயிட்டாங்க.

இந்தக் கோபத்துக்கு இன்னும் பெரிய உதாரணம் 2013 செப்டம்பர் 7. ஸ்ரீநகர், ஷாலிமார் தோட்டம். மறுபடி அதே பவேரிய ஆர்கெஸ்ட்ரா, மறுபடி ஜெர்மன் தூதரகம். 'அஹ்சாஸ்-ஏ-காஷ்மீர்'னு பேர். காஷ்மீரிக் கலைஞர்களும் சேர்ந்து வாசிச்சாங்க, டிவியில் பல நாடுகளுக்கு நேரடி ஒளிபரப்பு. ஆனா உள்ளே போக அழைப்பிதழ் வேணும். நகரம் முழுக்கப் பாதுகாப்புப் படை, கடையடைப்பு. அதே ஊரில் எதிர்ப்பா இன்னொரு நிகழ்ச்சி நடத்தினாங்க, 'ஹகீகத்-ஏ-காஷ்மீர்'. முதல் பேருக்கு காஷ்மீரின் உணர்வுன்னு அர்த்தம்னா, ரெண்டாவதுக்கு காஷ்மீரின் நிஜம்னு அர்த்தம். அன்னைக்கே சோபியானில் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தாங்க. நல்ல எண்ணத்தோட போனாலும், யார் கூப்பிட்டாங்க, யார் உள்ளே உட்கார்ந்தாங்க, யார் வெளியே நின்னாங்கன்னு எல்லாமே இசையோட சேர்ந்து கேட்கும். அதைக் குச்சியால் அடக்க முடியாது.

இவருக்கே இது தெரியாம இல்லை. 1981ல் டெல் அவிவில் கச்சேரி முடிஞ்சதும், கூடுதலா வாக்னரோட ஒரு பகுதியை வாசிக்கப் போறோம், விருப்பம் இல்லாதவங்க போகலாம்னு அறிவிச்சார். வாக்னர் நாஜிகள் கொண்டாடின இசையமைப்பாளர், அங்கே யாரும் வாசிக்கிறது இல்லை. முகாமில் இருந்து தப்பின ஒருத்தர், அந்த அரங்கத்திலேயே வேலை பார்த்தவர், மேடைக்கு முன்னாடி வந்து சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். ஒரு பாட்டு ஒருத்தருக்கு அழகு, பக்கத்துச் சீட்டில் இருக்கிறவருக்குச் சித்திரவதை. சத்தமே எழுப்பாத அந்த ஒரு ஆள் நடுவில் நிற்கிறார்.

சரி, அப்போ சென்னைக் கச்சேரி வீண்னு சொல்றியான்னு எங்க எடிட்டர் கேட்டார். இல்லை. சித்திகிட்ட பேசின அப்புறம் கோபம் கொஞ்சம் இடம் மாறிச்சு.

வருஷா வருஷம் டிசம்பர் 26 காலையில் இந்தக் கரை முழுக்க ஜனங்க கடலுக்குப் போய் பால் ஊத்துவாங்க, பூ போடுவாங்க. சித்தியும் போவாங்க. அந்தக் கடல் எதையும் திருப்பித் தராதுன்னு அவங்களுக்குத் தெரியாதா? ஏன் போறீங்கன்னு கேட்டேன். "அன்னைக்குப் போய் நிக்கணும், அவ்வளவுதான்"னு சொன்னாங்க.

வாத்தியம் இல்லாத ஒருத்தரால் என்ன பண்ண முடியும்னு யோசிச்சா, எந்த இடத்தில், எந்தத் தேதியில் போய் நிற்கிறதுன்னு தேர்ந்தெடுக்க முடியும். மேத்தா தேர்ந்தெடுத்த தேதி சரி. இடம்தான் எனக்கு உறுத்துது. மியூசிக் அகாடமிக்குப் பதிலா நாகூர் பக்கம் ஒரு திடலில் வாசிச்சிருந்தா? மைக் வேணும், உப்புக் காத்துல வயலின் சுருதி நிக்காது, டபுள் பாஸ் மணல்ல புதையும், கூட்டம் அஞ்சு நிமிஷத்தில் எழுந்து போயிருக்கலாம். எல்லாம் தெரியும். இருந்தாலும் சரயேவோவில் கூரை இல்லாத நூலகத்தில் முடிஞ்சதே.

இந்த வாரம் இதைப் பண்ணிப் பாருங்க

2019 அக்டோபரில், 83 வயசில், இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கில் இருந்து மேத்தா விடைபெற்றார். அங்கே முதலில் மாற்று ஆளா ஏறினதில் இருந்து கணக்குப் போட்டா 58 வருஷம். கடைசிக் கச்சேரிக்கு அவர் வெச்சதும் மாலரோட அதே ரெண்டாவது சிம்பொனிதான், புக்கன்வால்ட் பக்கத்தில் வாசிச்சது. ஒன்றரை மணி நேரம் ஓடும். முதல் தடவை கேட்கிறவங்க கடைசிப் பகுதியில் இருந்து ஆரம்பிக்கலாம், குத்தமில்லை.

அதைவிடச் சுலபமா ஒண்ணு இருக்கு. யூடியூபில் வியன்னா புத்தாண்டுக் கச்சேரி வீடியோக்கள் கிடைக்கும். மேத்தா நடத்தினது 1990, 1995, 1998, 2007, 2015. ஏதாவது ஒண்ணை எடுத்து சத்தத்தை முழுசா அணைச்சிடுங்க. அவர் கையை மட்டும் பாருங்க. எப்போ ட்ரம்பெட் நுழையுது, எப்போ எல்லாரும் அடங்குறாங்க, எப்போ கோபம், எப்போ கிண்டல்னு ஊகிச்சு ஒரு பேப்பரில் எழுதுங்க. அப்புறம் சத்தத்தைப் போட்டு அதே இடத்தைத் திரும்பப் பாருங்க. நான் முதல் தடவை பண்ணினப்போ பத்துக்கு மூணு சரி. இடது கையைப் பார்க்க ஆரம்பிச்ச அப்புறம் ஆறு வந்துச்சு. உங்களுக்கு எவ்வளவு வந்ததுன்னு எழுதி அனுப்புங்க.

ராடெட்ஸ்கி மார்ச்சை மட்டும் கணக்கில் சேர்க்காதீங்க. அதில் அவர் திரும்பி நிற்பார், நீங்கதான் வாசிக்கணும்.